அரைக்காசு அம்மனும் ஆறு அங்குலமும்

சின்ன வயதில் வீட்டில் எது தொலைந்தாலும் அம்மா அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார். சாவி, தோடு, ரேஷன் கார்டு, ஒருமுறை என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். கிடைத்ததும் வெல்லத்தை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பாதியை எங்களுக்குத் தருவார். பொருள் தொலைந்தால் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

முப்பது வருஷம் கழித்து இங்கிலாந்தின் கிழக்கே, சஃபக்கில், அடுத்தவர் வயலில் அடுத்தவர் தொலைத்த காசைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் மெட்டல் டிடெக்டர். இந்தப் பைத்தியம் பிடித்து ஐந்து வருஷம் ஆகிறது. அம்மாவிடம் முதலில் சொன்னபோது, “ஏங்கண்ணு, நம்ம ஆத்துல மண்ணு சலிக்கறவங்களாட்டம் ஆயிட்டியா?” என்றார். நாங்கள் கரூர். அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பழங்காசு எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சேரர் காசும் ரோமானியர் காசும் கிடைத்த ஊர் அது. ஆக, அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

இந்தப் பதிவு ஆழம் பற்றி. புதிதாக டிடெக்டர் வாங்கும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “இது எத்தனை அங்குலம் போகும்?” என்பதுதான். நானும் கேட்டேன். விற்றவர் வாய் கூசாமல் ஓர் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை என் இயந்திரம் இன்றுவரை எட்டியதில்லை.

என்னிடம் இருப்பது மைன்லாப் ஈக்வினாக்ஸ் 800. 2018-இல் வந்த மாடல், நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். கூடவே வந்தது 11 அங்குல வட்டக் காயில், அதாவது தரைக்கு மேல் வீசித் தேடும் கம்பிச்சுருள் தட்டு. சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிய சிக்னலைக் கேட்க வேண்டும் என்ற அளவு, 1 முதல் 25 வரை வைக்கலாம். முதல் வருஷம் முழுவதும் 25-இலேயே வைத்திருந்தேன். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் தூரத்து ஸ்டேஷன் கிடைத்துவிடும் என்று நினைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கூடியது கரகரப்பு மட்டும்தான். அந்த வருஷம் எனக்குக் கிடைத்தவை: டிராக்டர் போல்ட்டுகள், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிகள், ஈயத் துண்டுகள், தேய்ந்து வழுக்கையான சில செப்புக் காசுகள். எல்லாமே மேல் நாலு அங்குலத்துக்குள்.

என் தொழில் மென்பொருள் என்றாலும் படித்தது மின்னணுவியல். ஒரு குளிர்கால ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேய்கிறது. அது காசில் பட்டு, காசில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதிலிருந்து திரும்பி வரும் புலமும் அதேபோல் மும்மடியில் தேய்கிறது. போகும்போது மூன்று, வரும்போது மூன்று, ஆக ஆறாம் அடுக்கு. ஆறு அங்குலத்தில் இருக்கும் காசு பன்னிரண்டு அங்குலத்துக்குப் போனால் சிக்னல் பாதியாகக் குறைவதில்லை, அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆறிலிருந்து ஏழுக்கு, வெறும் ஓர் அங்குலம் கூடுதலாக எட்டவே இரண்டரை மடங்கு சிக்னல் வேண்டும். காயிலுக்கு மிக அருகில் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது, தோராயம்தான். ஆனாலும் அந்தத் தோராயமே போதும் தூக்கத்தைக் கெடுக்க.

கணக்கைத் திருப்பிப் போட்டபோதுதான் உறைத்தது. ஓர் அங்குலம் சம்பாதிப்பது அவ்வளவு கஷ்டம் என்றால், ஓர் அங்குலத்தைத் தொலைப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்! காயிலைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிப் பிடித்து நடந்தால் ஆறு அங்குலக் காசு எட்டு அங்குலக் காசாகிவிடும். சிக்னல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நானோ காயிலை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் தரையை ஒட்டியும் இரண்டு ஓரத்திலும் அரை அடி உயரத்திலும். என் மனைவி ஒருநாள் வயலோரம் காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வாசல் கூட்டறப்ப வெளக்கமாத்த இப்படித் தூக்கித் தூக்கி அடிச்சா எங்கம்மா முதுகுல ரெண்டு வெச்சிருப்பாங்க.”

அதற்குப் பிறகு நான் வயலில் வாசல் கூட்டுகிறேன். காயில் மண்ணை உரசும் அளவுக்குத் தாழ்வாக, ஓரம்வரை ஒரே மட்டத்தில், ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதியாவது படியும்படி, மெதுவாக. காயிலுக்குக் கீழே உறை போட்டிருப்பதால் உரசினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உறைக்குள் மண் சேரும், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். காலையில் ஒரு மணி நேரத்தில் பாதி வயலைத் தாண்டியவன், இப்போது ஒரு சனிக்கிழமை முழுவதும் வயலின் ஒரு மூலையைத் தாண்டுவதில்லை.

அறுவடைத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ஆகஸ்டில் கோதுமையும் பார்லியும் அறுத்த பிறகு அடித்தாள் விறைத்து நிற்கும். காயில் அதன்மேல் மிதக்கும். தாள் நிற்கும் உயரம் அப்படியே நம் ஆழத்திலிருந்து கழிவு. உழுத உடனே போனாலும் பிரயோஜனம் குறைவு. பெரிய பெரிய கட்டிகளும் நடுவே காற்று இடைவெளியும். நான் காத்திருப்பது விதைத்து, உருளை போட்டு மண்ணை அமுக்கிய பிறகு வரும் சில நாட்களுக்கு. அதுவும் இரண்டு நாள் மழைக்குப் பிறகு. மண் இறுகி, ஈரம் ஊறி, தரை பலகை மாதிரி இருக்கும். முளை வந்துவிட்டால் பயிரை மிதிக்கக் கூடாது, விவசாயி விட மாட்டார், விடவும் கூடாது. இந்தச் சில நாட்களுக்காக நான் அலுவலக லீவை பொத்திப் பொத்தி வைத்திருப்பதைப் பார்த்து மேலாளருக்கு என்மேல் என்ன சந்தேகமோ தெரியவில்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். எங்கள் பின்கட்டில் ஒரு சோதனைத் தோட்டம் போட்டேன். குழி தோண்டிக் காசைப் போட்டு மூடினால் மேலே இருப்பது கிளறிய மண், வயல் நிலவரத்தைக் காட்டாது. அதனால் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, குழியின் சுவரில் பழைய கத்தியால் கிடைமட்டமாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் காசைப் படுக்கையாகச் செருகினேன். காசுக்கு மேலே உள்ள மண் கலையவில்லை. ஐந்து, ஏழு, ஒன்பது அங்குலத்தில் ஒவ்வொன்று.

அதில் ஏழு அங்குலத்தில் கிடப்பது ஒரு மெட்ராஸ் காசு. ஆமாம், நம் மெட்ராஸ்தான். கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக பர்மிங்ஹாம் பக்கம் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் நீராவி எந்திரத்தில் அச்சடித்த செப்புக் காசு, 1808-ஆம் வருஷத்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கங்கள், மறுபக்கம் பாரசீக எழுத்தும் கீழே ரோமன் எண்ணில் பத்து என்று போட்டு ‘கேஷ்’ என்றும் இருக்கும். அந்த ‘கேஷ்’ நம்முடைய ‘காசு’தான், போர்த்துக்கீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. (பணம் என்ற பொருளில் இன்று எல்லோரும் சொல்லும் கேஷ் வேறு, அது பிரெஞ்சுப் பெட்டியிலிருந்து வந்தது.) இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அள்ளிக்கொண்டு வந்த பிறகு, அந்தக் காசுகள் இங்கே மலிவாகவே விற்கின்றன. எனக்குச் சோதனைக்கு ஒரு செப்புக் காசு தேவைப்பட்டபோது இதைத்தான் வாங்கினேன். மதராஸ் போய்ச் சேராத காசை ஒரு கரூர்க்காரன் மறுபடி மண்ணில் புதைத்திருக்கிறான் என்று நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

அந்தக் காசின் மேல் சென்சிட்டிவிட்டியை 25-இல் வைத்து வீசினேன். கீச்சு மூச்சென்று ஒரே கூச்சல், நடுவே காசு எது இரைச்சல் எது என்று பிரிக்கவே முடியவில்லை. வீட்டுக்குள் போய் வைஃபையை அணைத்தேன். சமையலறை எல்இடி விளக்குகளை அணைத்தேன். “ஏனுங்க, நாடகம் பாதியில நிக்குது” என்று குரல் வந்தது. கூச்சல் பாதியாகக் குறைந்தது. அப்புறம் இயந்திரத்தை நாய்ஸ் கேன்சல் செய்யவிட்டு, சென்சிட்டிவிட்டியை ஒவ்வொன்றாக இறக்கினேன். 19-க்கு வந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. காயிலை மறுபடி வீசினேன். ஏழு அங்குலத்திலிருந்து ஒரு மெல்லிய ‘ம்’. திரும்ப வீசினேன், அதே இடத்தில் மறுபடி ‘ம்’. எண்ணைக் கூட்டியபோது கேட்காத காசு, குறைத்தபோது கேட்டது.

வயலிலும் அப்படித்தான். மேலே மின்கம்பி போனால், பக்கத்துக் கொட்டிலில் பன்றிகளுக்கு மின்வேலி போட்டிருந்தால் (அது நொடிக்கொருமுறை டிக், டிக் என்று காதில் விழும்), சட்டைப் பையில் கைபேசி விழித்துக்கொண்டிருந்தால், கூட்டாளியின் டிடெக்டர் பத்தடியில் இருந்தால், எல்லாமே ஆழத்தைத் தின்னும். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுகிறேன். எந்த எண்ணில் இயந்திரம் வாயை மூடுகிறதோ, அதுதான் அந்த வயலின் சென்சிட்டிவிட்டி. கிரவுண்ட் பேலன்ஸும் அப்படியே: உலோகம் இல்லாத ஒரு திட்டுப் பார்த்து, காயிலை மேலும் கீழுமாக நாலைந்து தடவை ஆட்டி, மண்ணின் சத்தத்தை இயந்திரத்துக்குப் பழக்கிவிட வேண்டும். ஒரே வயலில் மேட்டில் மணலும் பள்ளத்தில் களியுமாக இருந்தால் நடுவில் ஒருமுறை திரும்பச் செய்கிறேன்.

பெரிய காயில் ஆசையும் எனக்கு வந்து போனது. 15 அங்குலம். வாங்கினேன். பானை, கலப்பைக் கொழு மாதிரிப் பெரிய பொருளுக்கு ஆழம் கூடுகிறது, மறுக்கவில்லை. நகம் அளவு வெள்ளிக் காசுக்கு ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. அதோடு ஒரே நேரத்தில் காயிலுக்குக் கீழே மூன்று ஆணி சிக்கும், ஆணியின் சத்தம் காசை முழுங்கிவிடும். மத்தியானத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போகும், தோள் வலித்தால் காயில் தூக்கிக்கொள்ளும், தூக்கிக்கொண்டால் போயிற்று இரண்டு அங்குலம். இப்போது அது பரணில்.

எனக்கு நிஜமாகவே ஆழம் கொடுத்தது ஒரு மனிதர்தான். எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், பன்றிப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய இயந்திரம் என்னுடையதைவிடப் பழையது. நான் ஒன்றுமில்லை என்று கடந்துபோன பாதையில் எனக்குப் பின்னால் நடந்து வந்து, வெள்ளிக் காசாக எடுப்பார். மானம் போய், ஒருநாள் அவரிடமே கேட்டேன். என் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்து என் செட்டிங்கைப் பார்த்தார். நான் இரும்பை மொத்தமாகக் காது கேளாதபடி அடைத்து வைத்திருந்தேன், அதுதான் டிஸ்கிரிமினேஷன். அதைத் திறந்துவிட்டார். ஒரே குப்பைச் சத்தம். “இனி இதைக் கேள்” என்றார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஆழத்தில் இருக்கும் நல்ல காசின் சிக்னல் மிகச் சன்னம். மண்ணில் உள்ள இரும்புத் தாதுவின் சிக்னலோடு கலந்துவிடுவதால், என்ன உலோகம் என்று திரையில் காட்டும் எண் தடுமாறும். ஈக்வினாக்ஸில் எண் -9 முதல் 40 வரை ஓடும், பூஜ்யத்துக்குக் கீழே இரும்பு. ஆழமான வெள்ளி சில நேரம் ஒரு வீச்சில் 14 காட்டும், அடுத்த வீச்சில் -3. இரும்பை அடைத்துவிட்டால் அந்த அரைகுறை முனகலும் சேர்ந்து அடைபட்டுவிடும். நான் திரையைப் பார்த்து முடிவெடுத்தேன், பெரியவர் திரையைப் பார்ப்பதே இல்லை. காதால் தோண்டுகிறவர். ஒரு முனகல் கேட்டால் நின்று, தொண்ணூறு பாகை சுற்றி வந்து குறுக்கே வீசுவார். இரண்டு திசையிலும் ஒரே இடத்தில், சின்னதாக, உருண்டையாகக் கேட்டால் தோண்டுவார். ஒரு திசையில் மட்டும் கீறலாகக் கேட்டால் பெரும்பாலும் ஆணி. சந்தேகமாக இருந்தால் பூட்ஸ் காலால் மேல் மண்ணை இரண்டு அங்குலம் வழித்துத் தள்ளிவிட்டு மறுபடி வீசுவார். கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த இரண்டு அங்குலம் எந்தக் கடையிலும் கிடைக்காத ஆம்ப்ளிஃபயர்.

இன்னொரு செட்டிங் அவர் மாற்றியது, ரெக்கவரி ஸ்பீடு. ஒரு சிக்னலை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகும் வேகம். ஆணிகள் நிறைந்த பழைய வீட்டுமனையில் அது வேகமாக இருக்க வேண்டும். குப்பை குறைந்த திறந்த வயலில் அதைக் குறைத்து, கையையும் மெதுவாக்கினால் ஆழ முனகல்கள் நீண்டு கேட்கின்றன.

போன அக்டோபர், அந்த அரைக்காசு.

மணற்பாங்கான வயல், விதைத்து உருளை போட்டு மூன்று நாள். முந்தின ராத்திரி மழை. சென்சிட்டிவிட்டி 20. காலை பதினொன்றரைக்கு ஒரு முனகல். எண் 9, அப்புறம் 12, அப்புறம் ஒன்றுமில்லை. குறுக்கே வீசினேன், இருக்கிறது. மேல் மண்ணை வழித்தேன், முனகல் பேச்சாக மாறியது. மண்வெட்டியால் சதுரமாக ஒரு கட்டி பெயர்த்து, பின்பாயிண்டரை, பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கைக்கருவியை, குழிக்குள் விட்டேன். அளந்து பார்த்தேன், நான் எப்போதும் அளப்பவன்: ஆறு அங்குலம். மண்ணைத் துடைக்காமல் தண்ணீர் சொட்டுவிட்டேன். பாதி நிலா மாதிரி ஒரு வெள்ளித் துண்டு.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்து லாங் கிராஸ் (நீள்சிலுவை) பென்னி, சரிபாதியாக வெட்டியது. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுகிறார்கள் என்று 1247-இல் சிலுவையை விளிம்புவரை நீட்டி அடித்த காசு. அன்றைக்குச் சில்லறைக்குத் தனியாக அரைப் பென்னி அச்சடிப்பது வழக்கமில்லை. பென்னியைச் சிலுவைக் கோட்டிலேயே இரண்டாக வெட்டினால் அரை, நான்காக வெட்டினால் கால். முழுக் காசே ஒன்றரை கிராமுக்குள்தான். என் கையில் கிடந்தது முக்கால் கிராமும் தேறாத ஒரு துண்டு. அதை ஆறு அங்குல மண்ணுக்கு மேலிருந்து கேட்டிருக்கிறேன். வலையொளியில் பதினான்கு அங்குலம் என்று கத்துபவர்கள் கத்தட்டும்.

வயலிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். அரைக்காசு கிடைத்தது என்றேன். ஒரு நிமிஷம் சத்தமில்லை. “யாரு தொலைச்சதோ, பாவம்” என்றார். அப்புறம், “வெல்லம் வெச்சிரு.”

வீட்டில் இதைக் கேட்டதும் அண்ணன் பையன், “சித்தப்பா, அந்த மெஷினை ஊருக்குக் கொண்டு வாங்க, நம்ம காட்டுல தேடலாம்” என்றான். வேண்டாம்டா தங்கம் என்றேன். அங்கே 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கேயும் இஷ்டத்துக்கு இல்லை. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. 1996-ஆம் வருஷச் சட்டப்படி, முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே அது புதையல். பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். என்னுடையது ஒற்றைக் காசு, கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யும் அதிகாரியிடம் இடத்தின் குறியீட்டோடு கொடுத்தேன்.

ஆழம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட முடியாது. இங்கே நாங்கள் பின்பற்றும் நடைமுறைக் குறிப்பு, உழவு மண்ணுக்குக் கீழே தோண்டாதே என்கிறது. கலப்பை போகும் ஆழத்தில் எல்லாம் ஏற்கனவே கலைந்தது. அதற்குக் கீழே இருப்பது கலையாமல் அப்படியே கிடப்பது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியவர்கள் தொல்லியலாளர்கள். என் வீட்டிலிருந்து வடக்கே போனால் ஹாக்ஸன் என்ற ஊர். 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடி அங்கே டிடெக்டரோடு போனார். சிக்னல் கேட்டது, தோண்டினார், வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும் வந்தன. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை இருந்த இடத்திலேயே வைத்துப் பார்த்தபோது, பொருள்களை மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பதுவரை தெரிந்தது. ரோமானியக் காசுகள் மட்டும் பதினாலாயிரத்துக்கும் மேல். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தொலைந்ததைத் தேடிப் போனவருக்கு அம்மன் வட்டியோடு கொடுத்திருக்கிறாள். நான் மட்டும் அந்த இடத்தில் இருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அதே வயலுக்குப் போனேன். அரைக்காசு கிடைத்த இடத்தைச் சுற்றி கயிறு கட்டிப் பத்தடிச் சதுரமாக, முதலில் தெற்கு வடக்காக, அப்புறம் கிழக்கு மேற்காகக் கூட்டினேன். மிச்சப் பாதி பக்கத்தில் இருக்குமோ என்ற நப்பாசை. பெரியவர் வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தார். அந்தப் பாதியை எழுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ரொட்டி வாங்கச் செலவழித்திருப்பார்கள் என்றார்.

மூன்று ஆணி, ஒரு ஈயக் குண்டு, ஒரு கால்சட்டைப் பித்தான். பித்தான் ஏழு அங்குலம்.